பால்டர்ஸ் கேட் 3: சண்டைக்கு சண்டை அடிவாங்குற புதுசுங்களுக்கு ஒரு வழி

கதை நல்லா இருக்கு, கேரக்டர்ஸ் புடிச்சிருக்கு, ஆனா சண்டைன்னு வந்தா நாலு பேரும் தரையில கிடக்குறாங்க, லோடு பண்றீங்க, மறுபடியும் அதே. இந்த நிலைமையில இருக்கீங்கன்னா இது உங்களுக்குத்தான். டர்ன் பை டர்னா சண்டை போடுற இந்த ரோல்-பிளேயிங் கேம் 2023 ஆகஸ்ட்ல வந்துச்சு, இன்னிக்கும் புதுசா வாங்கி ஆரம்பிக்கிறவங்க முதல் பத்து மணி நேரத்துலயே கடுப்பாகி மூடி வெச்சிடுறாங்க, நானும் அந்த இடத்துல ரொம்ப நாள் திணறினதால தெரிஞ்சதை எல்லாம் வரிசையா எழுதிடுறேன். கதையை ஸ்பாயில் பண்ண மாட்டேன், இடம் பேர் மட்டும் ஒண்ணு ரெண்டு வரும்.

படிக்கும்போது ஒண்ணை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. டேமேஜை எண்ணாதீங்க, டர்னை (ஒவ்வொரு ஆளும் ஆடுற முறையை) எண்ணுங்க. ஒரு எதிரிக்கு 1 ஹெச்பி (உயிர்ப் புள்ளி) மிச்சம் இருந்தாலும் அவன் முழு பலத்தோடதான் அடிப்பான். கீழ சொல்ற எல்லா ஸ்டெப்பும் எதிரிக்கு கிடைக்கிற டர்னை எப்படிக் குறைக்கிறதுன்றதுதான்.

1. விளையாடுறதுக்கு முன்னாடி செட்டிங்ஸையும் கேரக்டர் ஷீட்டையும் ஒரு தடவை பாருங்க

டிஃபிகல்டி எக்ஸ்ப்ளோரர், பேலன்ஸ்டு, டாக்டிஷியன்னு இருக்கும், அப்புறம் ஹானர் மோடுன்னு ஒண்ணு இருக்கும், அதை இப்போதைக்கு தொடவே தொடாதீங்க, அதுல ஒரே ஒரு சேவ்தான், நினைச்ச இடத்துக்கு திரும்பிப் போக முடியாது. மத்த மூணையும் ஆட்டத்துக்கு நடுவுல எப்ப வேணா மாத்திக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க. ஒரே சண்டையில ரொம்ப நேரமா மாட்டிக்கிட்டு இருந்தா எக்ஸ்ப்ளோரருக்கு இறக்கி முடிச்சிட்டு திரும்ப ஏத்திக்கோங்க, இதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் கிடையாது.

கேரக்டர் ஷீட்ல பார்க்க வேண்டியது ரெண்டுதான். முதலாவது, உங்க கிளாஸோட மெயின் ஸ்டாட் 16 அல்லது 17 இருக்கான்னு பாருங்க. ஃபைட்டருக்கு ஸ்ட்ரெங்த், ரோகுக்கு டெக்ஸ்டெரிட்டி, விசார்டுக்கு இன்டலிஜென்ஸ், கிளெரிக்குக்கு விஸ்டம், வார்லாக்குக்கு கரிஸ்மா. எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம்னு 13, 13னு பிரிச்சு வெச்சா எதுலயும் உருப்படாது. ரெண்டாவது ஆர்மர். நம்பர் பெருசா இருக்கேன்னு கேலுக்கு (உங்ககூட வர்ற விசார்டு) இரும்புக் கவசத்தை மாட்டி விட்டா அவனால ஒரு ஸ்பெல் கூட போட முடியாது, ஏன்னா அந்த ஆர்மருக்கு அவனுக்கு ப்ரொஃபிஷியன்சி (போட்டுப் பழகின பயிற்சி) இல்ல. "ஸ்பெல் பட்டன் எல்லாம் வேலை செய்யல, பக்"னு நினைக்கிற பலருக்கும் பிரச்சனை இதுதான்.

ஸ்டாட் தப்பா போட்டுட்டோம்னு தெரிஞ்சா புது கேம் ஆரம்பிக்க வேண்டாம். விதர்ஸ்னு ஒரு எலும்பு மனுஷன் ஆரம்பத்துலயே ஒரு பாழடைஞ்ச கல்லறைக்குள்ள கிடைப்பாரு, நீங்க அங்க போகாம விட்டாலும் பின்னாடி அவரே கேம்ப்புக்கு வந்துடுவாரு. 100 கோல்டு குடுத்தா யாரோட கிளாஸையும் ஸ்டாட்டையும் அடியிலிருந்து மாத்தித் தருவாரு. எத்தனை தடவை வேணாலும், ஒவ்வொரு தடவையும் அதே 100தான். மல்டிகிளாஸ் (ஒரே ஆளுக்கு ஒண்ணுக்கு மேல கிளாஸ்) ஆப்ஷன் கண்ணுக்குத் தெரியும், முதல் ஆட்டத்துல அந்தப் பக்கம் போகாதீங்க.

2. நாலு பேர்ல யார் யார்

பார்ட்டியில உங்களையும் சேர்த்து நாலு பேருக்குத்தான் இடம். புதுசுக்கு பழக ஈஸியான கூட்டணி: முன்னாடி நின்னு அடி தாங்குறவங்க ஒருத்தர், தூரத்துல இருந்து அடிக்கிறவங்க ஒருத்தர், ஹீல் பண்ற கிளெரிக், கூட்டத்தைக் கட்டிப்போடுற விசார்டு. அதாவது அதே வரிசையில லேஸெல், அஸ்டேரியன், ஷேடோஹார்ட், கேல். இதுல நீங்க எந்த வேலையை எடுத்திருக்கீங்களோ அந்த ஆளை கேம்ப்ல விட்டுடுங்க. கேம்ப்ல சும்மா உட்கார்ந்திருக்கிறவங்களுக்கும் லெவல் ஏறும், அதனால "கூட்டிட்டுப் போகலன்னா வீக் ஆயிடுவாங்களே"ன்னு கவலைப்பட வேண்டாம்.

ஷேடோஹார்ட்டைப் பத்தி தனியா ஒண்ணு சொல்லணும், ஏன்னா எல்லாரும் அவளைத்தான் திட்டுறாங்க. அவளோட ஃபயர் போல்ட் படவே படாது. அது அவளோட இனத்தால வந்த ஸ்பெல், இன்டலிஜென்ஸை வெச்சு வேலை செய்யும், அவளுக்கு அது கம்மி. அதை மறந்துட்டு பிளெஸ், கைடிங் போல்ட், ஹீலிங் வேர்டு, இந்த மூணையும் பிரிப்பேர் லிஸ்ட்ல வையுங்க. அதே ஷேடோஹார்ட் ரெண்டே சண்டையில பார்ட்டியோட முதுகெலும்பு ஆயிடுவா.

3. சண்டை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பண்ண வேண்டியது

இந்த ஸ்டெப்தான் மத்த எல்லாத்தையும் விட முக்கியம்னு நான் சொல்வேன், பாதிப் பேரு இதை பண்றதே இல்ல, நாலு பேரும் ரயில் பெட்டி மாதிரி ஒருத்தன் பின்னாடி ஒருத்தன் போய் எதிரி நடுவுல நின்னு பேச ஆரம்பிக்கிறாங்க.

எதிரி கண்ணுக்குத் தெரிஞ்சதும் நில்லுங்க. எஃப்5 அடிச்சு சேவ் பண்ணுங்க, அப்புறம் ஜி கீ அடிச்சா குரூப் பிரிஞ்சிடும், ஒவ்வொருத்தரையும் தனித்தனியா நடத்தலாம். வில்லு வெச்சிருக்கிறவங்களையும் ஸ்பெல் போடுறவங்களையும் மேடான இடத்துக்கு ஏத்துங்க, கூரை, பாறை, ஏணி எது கிடைச்சாலும் சரி. மேல இருந்து கீழ அடிச்சா அட்டாக் ரோலுக்கு +2, கீழ இருந்து மேல அடிச்சா -2. பார்க்க சின்ன நம்பரா இருக்கும், ஆனா மேல இருக்கிறதுக்கும் கீழ இருக்கிறதுக்கும் நடுவுல ஹிட் சான்ஸ்ல 20 பர்சன்ட் வித்தியாசம் வந்துடுது. பிளைட்டெட் வில்லேஜ்ல காப்ளின்ஸ் கூரை மேல நின்னுக்கிட்டு உங்களை வறுத்தெடுக்குறதுக்கு காரணம் இந்த ரெண்டு மார்க்தான்.

பேசியே ஆகணும்ன்ற இடம்னா ஒருத்தரை மட்டும் பேச அனுப்புங்க. அவரு பேசிக்கிட்டு இருக்கும்போதே நீங்க மத்த மூணு பேருக்கு மாறி அவங்களை நகர்த்தலாம், கேம் இதை தடுக்காது. பேச்சு முறிஞ்சு சண்டை ஆரம்பிக்கும்போது மூணு பேரும் ஏற்கனவே நல்ல இடத்துல நின்னிருப்பாங்க.

பேச வேண்டிய அவசியமே இல்லாத எதிரின்னா ஒளிஞ்சிருந்து முதல் அடி அடிங்க. நாலு பேரையும் ஸ்னீக்ல போட்டுட்டு, லெஃப்ட் ஷிஃப்டை அழுத்திப் புடிச்சா எதிரியோட பார்வை எங்க வரைக்கும் போகுதுன்னு சிவப்பா தெரியும், அதுக்கு வெளிய இருந்து அடிங்க. எதிரி "சர்ப்ரைஸ்டு" ஆயிட்டா அவனோட முதல் டர்ன் காலி. ஒரு சண்டையில அஞ்சு எதிரி சர்ப்ரைஸ் ஆனா அஞ்சு டர்னை நீங்க சும்மா புடுங்கிட்டீங்கன்னு அர்த்தம், எந்த ஸ்பெல்லும் ஆரம்ப லெவல்ல இந்த அளவுக்கு வேலை செய்யாது.

இன்னொண்ணு, எதிரி மேல மவுஸ் வெச்சு டி (T) கீ அடிச்சா எக்ஸாமின் விண்டோ வரும். எந்த டேமேஜ் அதிகமா ஏறும், எது ஏறாதுன்னு அதுல போட்டிருக்கும். எலும்புக்கூடுங்களுக்கு மேஸ், சுத்தி மாதிரி மழுங்கின ஆயுதம்தான் டபுளா ஏறும். பத்து செகண்ட் வேலை, பண்ணிடுங்க.

4. உங்க டர்ன்ல கையில என்னென்ன இருக்கு

ஒரு டர்னுக்கு ஒரு ஆக்‌ஷன் (பச்சை வட்டம்), ஒரு போனஸ் ஆக்‌ஷன் (ஆரஞ்சு முக்கோணம்), நடக்கிறதுக்கு பெரும்பாலானவங்களுக்கு 9 மீட்டர். இது போக ஒரு ரவுண்டுக்கு ஒரு ரியாக்‌ஷன், அது எதிரி டர்ன்ல வேலை செய்யும். புதுசா ஆடுறவங்க ஆக்‌ஷனை யூஸ் பண்ணிட்டு ஸ்பேஸ் பாரைத் தட்டிடுறாங்க, போனஸ் ஆக்‌ஷன் அப்படியே வீணாப் போகுது.

போனஸ் ஆக்‌ஷன்ல போஷன் குடிக்கலாம், குதிக்கலாம், ஆளைத் தள்ளலாம், பக்கத்துல மெழுகுவர்த்தி எரிஞ்சா அதுல கத்தியை முக்கி நெருப்பு டேமேஜ் சேர்த்துக்கலாம். இதுல தள்ளுறது, அதாவது ஷவ், இந்த கேம்ல ஓவர் பவர். பாறை விளிம்புல நிக்கிற எதிரியை ஸ்ட்ரெங்த் அதிகம் இருக்கிற ஆளை வெச்சு தள்ளி விட்டா 40 ஹெச்பி இருந்தாலும் கதை முடிஞ்சுது. ஒரு எச்சரிக்கை: பாஸை அடியில்லாத பள்ளத்துல தள்ளினா அவன் வெச்சிருந்த சாமானும் அவனோட போயிடும். உங்க ஆளுங்களும் விளிம்புல நிக்காம பார்த்துக்கோங்க, எதிரிக்கும் தள்ளத் தெரியும்.

நகர்றதுல ஒரு ட்ராப் இருக்கு. எதிரி பக்கத்துல நின்னுட்டு அப்படியே விலகிப் போனா அவனுக்கு ஒரு ஃப்ரீ அடி கிடைக்கும். விலகித்தான் ஆகணும்னா டிஸ்எங்கேஜ் போட்டுட்டு போங்க, இல்லன்னா கேல் மிஸ்டி ஸ்டெப் கத்துக்கிட்டப்புறம் அதை யூஸ் பண்ணலாம்.

5. ஒருத்தனை முடிச்சிட்டுத்தான் அடுத்தவன்

கணக்கு போட்டே காட்டுறேன். எதிர்ல நாலு பேரு, ஆளுக்கு 20 ஹெச்பி. உங்க பார்ட்டி மொத்தமா ஒரு ரவுண்டுக்கு 20 டேமேஜ் போடும், நீங்கதான் முதல்ல ஆடுறீங்கன்னு வெச்சுக்குவோம். ஆளுக்கொரு எதிரியைப் புடிச்சு பிரிச்சு அடிச்சா மூணு ரவுண்டு வரைக்கும் ஒருத்தனும் சாக மாட்டான், நாலாவது ரவுண்டுலதான் எல்லாம் சேர்ந்து விழுவாங்க, அதுக்குள்ள உங்க மேல 12 தடவை அட்டாக் வந்திருக்கும். நாலு பேரும் ஒருத்தனையே அடிச்சு ரவுண்டுக்கு ஒருத்தனா முடிச்சா 3, 2, 1னு குறைஞ்சு மொத்தம் 6தான். அதே ஆளுங்க, அதே ஆயுதம், வாங்குற அடி பாதி.

யாரை முதல்ல? சும்மா கிட்ட நிக்கிறவனை இல்ல. ஒரே ரவுண்டுல சாகக்கூடியவனா, நமக்கு அதிகம் தொந்தரவு குடுக்கிறவனா பாருங்க. பெரும்பாலும் அது பின்னாடி நிக்கிற ஸ்பெல் போடுறவன், இல்ல வில்லாளி. பெரிய உருவமா முன்னாடி நிக்கிற ஓகர் கடைசி. அது வரைக்கும் அதை தூங்க வைக்கவோ கட்டிப்போடவோ முடியுமான்னு பாருங்க.

டர்ன் ஆர்டர் திரையில மேல தெரியும். உங்க ஆளுங்க ரெண்டு பேரு பக்கத்துப் பக்கத்துல இருந்தா அவங்க டர்ன் ஒண்ணா திறக்கும், மாத்தி மாத்தி ஆடலாம். முதல்ல ஷேடோஹார்ட் கைடிங் போல்ட் போட்டு, அது பட்டா அடுத்து அடிக்கிறவங்களுக்கு அட்வான்டேஜ் (இது என்னன்னு அடுத்த ஸ்டெப்ல சொல்றேன்) கிடைக்கும், அதை லேஸெல் எடுத்துக்கலாம், இப்படி.

6. ஏன் அடி படவே மாட்டேங்குது

இதுக்குத்தான் அதிகமா புலம்பல். கேம் ஏமாத்தல, இருபது பக்க டைஸ் உருட்டி அதுல உங்க போனஸைக் கூட்டி எதிரியோட ஆர்மர் கிளாஸோட (அடி படுறதுக்கு எட்ட வேண்டிய நம்பர்) ஒப்பிடுது, அவ்வளவுதான். அடிக்கிறதுக்கு முன்னாடி எதிரி மேல கர்சரை வெச்சா பர்சன்டேஜ் தெரியும். 50க்கு கீழ காட்டினா அடிக்காதீங்க, முதல்ல அந்த நம்பரை ஏத்துங்க.

ஏத்துறதுக்கு மேடு ஒரு வழி, சொல்லிட்டேன். பிளெஸ் அடுத்தது, மூணு பேருக்கு அட்டாக் ரோல்ல நாலு பக்க டைஸ் ஒண்ணு சேரும், சராசரியா 12 பர்சன்ட் ஏறும், ஒரே ஒரு லெவல் 1 ஸ்லாட் (ஸ்பெல் போடுறதுக்கான கோட்டா) செலவு. ஆனா எல்லாத்தையும் விட பெருசு அட்வான்டேஜ். ரெண்டு டைஸ் உருட்டி பெரியதை எடுக்கும், 65 பர்சன்ட் இருந்தது 88க்கு போகும். டிஸ்அட்வான்டேஜ்னா அப்படியே தலைகீழ், அதே 65 வந்து 42 ஆயிடும். எதிரி ஒட்டி நிக்கும்போது வில்லு விட்டா டிஸ்அட்வான்டேஜ் வரும், அஸ்டேரியன் மிஸ் பண்ணிக்கிட்டே இருக்கான்னா முதல்ல அதைப் பாருங்க. அவனை ரெண்டாவது லெவல்ல இருந்து போனஸ் ஆக்‌ஷன்ல ஒளிய வெச்சு அப்புறம் சுட விடுங்க, அட்வான்டேஜும் வரும், ஸ்னீக் அட்டாக்கும் சேரும்.

டைஸே வேண்டாம்னு கடுப்பா இருந்தா கேலோட மேஜிக் மிசைல் இருக்கு. மூணு அம்பு, குறி தப்பாது. 5 ஹெச்பியோட ஓடுறவனை முடிக்க இதை விட நல்லது இல்ல.

7. ஸ்பெல் போடுறவங்க மாட்டிக்கிற ட்ராப்

கான்சென்ட்ரேஷன். ஸ்பெல் விவரத்துல இந்த வார்த்தை இருந்தா அந்த மாதிரி ஸ்பெல் ஒரு ஆளுக்கு ஒரு நேரத்துல ஒண்ணுதான் நிக்கும். பிளெஸ் போட்டுட்டு அடுத்த டர்ன்ல அதே ஷேடோஹார்ட் இன்னொரு கான்சென்ட்ரேஷன் ஸ்பெல் போட்டா பிளெஸ் காத்துல போயிடும். அவ அடி வாங்கும்போதும் ஒரு சேவிங் த்ரோ (தாக்குப்புடிக்கிறாங்களான்னு பார்க்குற டைஸ்) உருளும், தோத்தா ஸ்பெல் உடையும், அதனால பிளெஸ் போட்டவளை முன்வரிசையில நிறுத்தாதீங்க.

ஆரம்ப லெவல்ல டேமேஜ் ஸ்பெல்லை விட டர்னைப் புடுங்குற ஸ்பெல்தான் லாபம். ஸ்லீப் மொத்தம் 24 ஹெச்பி அளவுக்கு எதிரிகளைத் தூங்க வைக்கும், அதுக்கு சேவிங் த்ரோவே கிடையாது. தூங்குறவனை அடிச்சா முழிச்சுக்குவான், அதனால அவனைக் கடைசிக்கு விடுங்க. லெவல் 3ல வெப், ஹோல்டு பெர்சன் வரும். ஹோல்டு பெர்சன்ல மாட்டினவனை கிட்ட நின்னு அடிச்சா பட்ட அடி எல்லாம் க்ரிட்டிக்கல், மனுஷ உருவத்துல இருக்கிறவங்க மேலதான் வேலை செய்யும்ன்றது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

கேலுக்கு காலையில எழுந்ததும் மேஜ் ஆர்மர் போட்டு விட்டுடுங்க, அடுத்த லாங் ரெஸ்ட் (கேம்ப்ல ராத்திரி தூங்குறது) வரைக்கும் நிக்கும். கிடைக்கிற ஸ்க்ரோல்ல விசார்டு ஸ்பெல் இருந்தா அவனுக்கு கத்துக்குடுக்கலாம், ஸ்பெல் லெவலுக்கு 50 கோல்டு ஆகும்.

8. ஆள் விழுந்துட்டா

விழுந்த உடனே சாவு இல்ல. டெத் சேவிங் த்ரோ ஓடும், மூணு தடவை தோத்தாதான் போவாங்க, ஆனா விழுந்தவங்களை எதிரி அடிச்சா சீக்கிரமே முடிஞ்சிடும். பக்கத்துல போய் ஹெல்ப் குடுத்தா 1 ஹெச்பியோட எழுவாங்க, அதுக்கு முழு ஆக்‌ஷன் போயிடும். ஹீலிங் வேர்டு தூரத்துல இருந்தே போடலாம், போனஸ் ஆக்‌ஷன்தான், இதனாலதான் அதை லிஸ்ட்ல வைக்கச் சொன்னேன். போஷனை விழுந்தவங்க மேல தூக்கிப் போட்டாலும் வேலை செய்யும், ரெண்டு பேரு ஒட்டி நின்னா ஒரே பாட்டில்ல ரெண்டு பேருக்கும் ஹீல் ஆகும்.

உண்மையிலேயே செத்துட்டா ரிவிவிஃபை ஸ்க்ரோல், அது இல்லன்னா விதர்ஸ்கிட்ட 200 கோல்டு. போஷனை எல்லாம் ஒரே ஆள் பையில வைக்காம நாலு பேருக்கும் பிரிச்சுக் குடுத்துடுங்க.

9. ரெஸ்ட்: இதுல கஞ்சத்தனம் வேண்டாம்

ரெண்டு லாங் ரெஸ்ட்டுக்கு நடுவுல ரெண்டு ஷார்ட் ரெஸ்ட், ஃப்ரீ, ஒவ்வொண்ணும் மொத்த ஹெச்பியில பாதியை திருப்பிக் குடுக்கும். வார்லாக்கோட ஸ்பெல் ஸ்லாட், ஃபைட்டரோட ஆக்‌ஷன் சர்ஜ் எல்லாம் இதுலயே திரும்ப வந்துடும். சண்டை முடிஞ்சு ஹெச்பி பாதிக்கு கீழ இருந்தா உடனே போட்டுடுங்க, "அப்புறம் தேவைப்படும்"னு சேர்த்து வெச்சு கடைசியில லாங் ரெஸ்ட் எடுக்கும்போது ரெண்டும் அப்படியே வீணாப் போகும்.

லாங் ரெஸ்ட்டுக்கு பேலன்ஸ்டுல 40 கேம்ப் சப்ளை, டாக்டிஷியன்ல 80. பீப்பாய், பெட்டி, சமையல் இடம் எல்லாத்தையும் திறந்து சாப்பாடு எதைப் பார்த்தாலும் எடுத்து நேரா கேம்ப்புக்கு அனுப்பிடுங்க, வெயிட்டும் ஏறாது. ஒழுங்கா பொறுக்கினா சப்ளை குவிஞ்சு கிடக்கும். வியாபாரிங்களோட சரக்கும் லாங் ரெஸ்ட்டுக்கு அப்புறம் புதுசாகும், ஹீலிங் போஷன் அப்ப வாங்கி வெச்சுக்கலாம்.

தலைக்குள்ள புழு இருக்கு, சீக்கிரம் போகணும்னு கதை பயமுறுத்துறதால நிறைய பேரு தூங்காமயே ஓடுறாங்க, காலி ஸ்பெல் ஸ்லாட்டோட அடுத்த சண்டைக்குள்ள போய் விழுறாங்க. பொதுவா டைம் லிமிட் கிடையாது. எரிஞ்சுக்கிட்டு இருக்கிற வாகீன்ஸ் ரெஸ்ட் மாதிரி ஒண்ணு ரெண்டு இடம்தான் விதிவிலக்கு, அங்க போய்ட்டீங்கன்னா தூங்குறதுக்கு முன்னாடி அந்த வேலையை முடிச்சிடணும். நெருப்பு, விஷப் புகை, ஆள் மாட்டிக்கிட்டு கத்துறதுன்னு எதையாவது நேர்ல பார்த்தா அது அவசரம், மத்ததெல்லாம் காத்திருக்கும்.

10. எப்ப எங்க போகலாம்

எக்ஸ்பீரியன்ஸ் சண்டையில மட்டும் இல்ல, புது இடம் கண்டுபிடிச்சாலும் பேசி சமாளிச்சாலும் வரும். லெவல் 1ல 2ல பெரிய சண்டையைத் தேடிப் போகாம எமரால்டு க்ரோவ் உள்ள சுத்துங்க, ஆளுங்ககிட்ட பேசுங்க, சுத்துவட்டாரத்தைப் பாருங்க, லெவல் 3 வந்துடும். லெவல் 3ல எல்லாருக்கும் சப்கிளாஸ் (கிளாஸுக்குள்ள ஒரு தனிப் பிரிவு) இருக்கும், அங்கிருந்துதான் பார்ட்டி பார்ட்டியா இருக்கும்.

அடுத்த பெரிய தாவல் லெவல் 5, மொத்தம் 6500 எக்ஸ்பீரியன்ஸ் வேணும். லேஸெல் ஒரே ஆக்‌ஷன்ல ரெண்டு அடி அடிப்பா, கேலுக்கு ஃபயர்பால் வரும் (சப்கிளாஸ் எவோகேஷனா இருந்தா நம்ம ஆளுங்க மேல சூடு படாது, இல்லன்னா எங்க வீசுறோம்னு பார்த்து வீசுங்க). அது வரைக்கும் சிலந்தி ராணி இருக்கிற குகை, சதுப்பு நிலத்துக் கிழவியோட வீட்டுக்கு அடியில, அண்டர்டார்க்ல மினோட்டார் சுத்துற இடம், இதெல்லாம் தள்ளிப் போடுங்க. மலைப் பாதைக்கு போற வழியில பாலத்துக்கிட்ட கித்யாங்கி (லேஸெலோட இனம்) கூட்டம் ஒண்ணு நிக்கும், லேஸெல் போகலாம் போகலாம்னு நச்சரிச்சுக்கிட்டே இருப்பா, லெவல் 3ல போய் பேச்சு முறிஞ்சா ஒரு ரவுண்டுக்கு தாங்க மாட்டீங்க. அவ நச்சரிச்சா நச்சரிச்சுட்டுப் போகட்டும், லெவல் 5 வந்து, நல்லா தூங்கி எழுந்து, எஃப்5 அடிச்சிட்டு அந்தப் பக்கம் போங்க.